விருதுக்கு ஒரு போட்டியாளர்

மருந்தாளர்களுக்கும் விருது உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருந்தாளர் என்று ஒரு தொழில் உண்டு என்பதே சிலருக்குத் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை வைத்தியர் எழுதுவார், யன்னலுக்குள் இருந்து ஒரு கை குளிசையை நீட்டும். அந்தக் கையின் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறது என்பதும், அந்த ஆள் நான்கு வருடம் படித்து வந்தது என்பதும் அவர்களுடைய கவலை அல்ல.

யாழ்ப்பாணத்து வடகரையில் ஒரு சிறிய அரச மருத்துவமனையில் நான் வேலை செய்கிறேன். எங்கள் மருந்தகத்துக்கு இரண்டு யன்னல்கள். ஒன்றில் நான். மற்றதில் என்னைவிட மூத்தவரான ஒரு மருந்தாளர். பண்டத்தரிப்புக்காரர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கிளினிக் நாட்களில் மயிலிட்டிப் பக்கத்துக் கடற்றொழிலாளர்களும் அவர்களுடைய வீட்டாரும் பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்தெடுக்க வந்து, இரண்டு யன்னலுக்கும் சரிபாதியாக வரிசையில் நிற்பார்கள்.

அண்ணை திறமான மருந்தாளர். அவருடைய கையால் ஒரு குளிசை மாறிப் போனதை நான் கண்டதில்லை. ஆனால் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. எங்கள் அலுமாரியில் அதற்கு மருந்து இல்லை. அவருக்குப் பட்டங்கள் வேண்டும். சேவைச் செம்மல், மனிதநேய மாமணி, மருந்தியல் வித்தகர் என்று ஏற்கெனவே பல வைத்திருந்தார். எந்த ஊர் என்றே தெரியாத ஏதோ ஒரு சர்வதேச அமைப்பு இணையத்தின் வழியாக அவருக்கு உலகளாவிய சமாதானத் தூதுவர் பதவியும் கொடுத்திருந்தது. உலகத்தில் எங்கே சண்டை நின்றதோ எனக்குத் தெரியாது. மருந்தக மேசையில் இருந்த அவருடைய பெயர்ப்பலகையில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீண்டுகொண்டே போனதால், வருடத்துக்கு ஒரு தடவையாவது புதுப் பலகை செய்யவேண்டியிருந்தது. கடைசிப் பலகை வந்த பிறகு பாராசிற்றமோல் பெட்டியை வைக்க இடமில்லாமல் போய் அதை நான் கீழே வைத்தேன்.

இத்தனை இருந்தும் அவருக்கு ஒரு குறை. எங்கள் தொழிலுக்கென்று உள்ள சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கும் சிறப்பு மருந்தாளர் விருது மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த விருதோடு ஒரு பெலோஷிப்பும் வரும். பெலோஷிப் என்றால் வேறொன்றும் இல்லை, சாகும்வரை பெயருக்குப் பின்னால் இன்னும் சில எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம். முந்தின வருடம் அவர் ஒருவர்தான் விண்ணப்பித்திருந்தார். போட்டியே இல்லாமல் விருது கொடுப்பது விருதின் தரத்துக்கு இழுக்கு என்று சங்கம் அந்த வருடம் எவருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டது.

அதனால்தான் ஒரு நாள் கிளினிக் முடிந்து வரிசை கலைந்த பிறகு அண்ணை தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, இந்த முறை நீரும் ஒரு விண்ணப்பம் போடுமன்."

"எனக்கெதுக்கு அண்ணை?"

"உமக்கில்லை. சும்மா பேருக்கு. ரெண்டு பேராவது நிண்டால்தான் அவங்கள் குடுப்பாங்கள். நீர் நிண்டால் காணும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் ஒருவர் என்னைத் தோற்கக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தற்புகழ்ச்சி பாவம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் எங்களுடைய பணிவைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத ஏலாது என்று சொன்னேன்.

"ஆர் உம்மை எழுதச் சொன்னது? நான் எழுதுறன்" என்றார் அண்ணை. "நீர் என்ன செய்தனீர் எண்டு மட்டும் சொல்லும்."

"மருந்து குடுக்கிறன்."

"உது காணாது. எல்லாரும்தான் குடுக்கினம். புதுசா ஏதும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். கடைசியில், "அந்த உறையிலை வெட்டி எழுதுறனே, அது?" என்றேன்.

குளிசை போடுகிற கடதாசி உறைகளில் காலை, பகல், இரவு என்று அச்சடித்திருக்கும். நாங்கள் பக்கத்தில் எண்ணிக்கையை எழுதிக் கொடுப்போம். அந்த வருடத் தொடக்கத்தில், மாரி மழை ஓய்ந்த பிறகு, மயிலிட்டியில் இருந்து வரும் ஒருவருக்கு எவ்வளவு மருந்து கொடுத்தும் பிறஷர் இறங்கவில்லை. வைத்தியரும் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். நான் அவரிடம் இரவுக் குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இரவிலை எங்கை மிஸ் குடிக்கிறது? இரவிலை நான் கடலுக்கெல்லோ போறன். படுக்கிறதே விடிஞ்சாப்போலைதான்" என்றார் அவர்.

பொழுதுபட்டால் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவருக்கு எங்கள் உறையில் இருந்த காலையும் இரவும் வேறு யாருக்கோ உரியவை. வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, அன்றிலிருந்து கடற்றொழிலாளர்களின் உறையில் அந்த அச்சை வெட்டிவிட்டு, "கடலுக்குப் போக முன்", "கரைக்கு வந்து படுக்க முன்" என்று எழுதத் தொடங்கினேன். அவருக்குப் பிறஷர் இறங்கியது. அப்போது அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "காலை, இரவு எண்டு அச்சடிச்சுத் தந்திருக்கு. அதை வெட்ட நாங்கள் ஆர்?" என்று கேட்டிருந்தார். தன் யன்னலில் அவர் காலையையும் இரவையும் மாற்றவில்லை.

இப்போது அதே மனிதர் பேனையைத் திறந்து, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு எழுதினார்: கடற்றொழிற் சமூகத்தின் வாழ்வியல் நேர ஒழுங்கை மையப்படுத்திய மருந்தாலோசனை மொழிப் புத்தாக்கம்.

"இது நான் செய்ததோ அண்ணை?"

"நீர் செய்ததுதான். நான் அதுக்கு ஒரு சட்டை போட்டு விட்டிருக்கிறன்."

அந்தச் சட்டைக்கு மேலே கோட்டும் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிவிட்டார். நான் பேனையால் இழுத்த ஒரு கோடு அவருடைய கையில் சமூக மாற்றமாகவும் மரபுடைப்பாகவும் வளர்ந்தது. கடைசியில் என் குணநலன்கள் என்ற இடத்தில் "பணிவு" என்று எழுதினார். பணிவு இல்லாத விண்ணப்பத்தைச் சங்கம் திறந்தும் பாராதாம். தன்னுடைய விண்ணப்பத்தை அவர் தனியாகத் தயாரித்தார். அது வழவழப்பான அட்டை போட்டு, உள்ளே பொன்னாடைப் படங்களோடு, கலியாண அல்பம் மாதிரி இருந்தது. இரண்டையும் ஒன்றாகவே அனுப்பினார்.

உரும்பிராயில் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பள்ளிக்கூட ஆசிரியர்.

"பெலோவோ?" என்றார். "எங்கடை பள்ளிக்கூடத்திலை குழப்படி செய்யிற ஆக்களைத்தான் பெலோ எண்டு சொல்லுறது. அதுக்கும் விருதோ?"

"எனக்கில்லை. அண்ணைக்கு. நான் சும்மா நிக்கிறன்."

"நல்லது. தோக்கிறதெண்டாலும் ஒரு நல்ல சீலை உடுத்துக்கொண்டு போம்."

நேர்முகத்துக்கு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கூப்பிட்டார்கள். அண்ணை முதலில் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து முகம் நிறைந்த வெளிச்சத்தோடு வந்து, "பாதிதான் சொன்னனான். நேரம் காணாமப் போச்சு" என்றார். என்னிடம், என் புத்தாக்கத்துக்கு உந்துசக்தியாக அமைந்தது எது என்று மூன்று நடுவர்களில் ஒருவர் கேட்டார். "ஒராளின்ரை பிறஷர் குறையேல்லை" என்றேன். அதை ஏதோ அரிய தத்துவம்போல மூவரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

முடிவு கிளினிக் நாளில் வந்தது. வரிசை முற்றம்வரை நின்றது. சங்கத்தின் செயலாளர் கைபேசியில் என்னை அழைத்து வாழ்த்துச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அண்ணையைக் கூப்பிடவா என்று கேட்டேன்.

"இல்லை இல்லை, உங்களுக்குத்தான். உங்கடை விண்ணப்பத்தைப்போல ஒரு விண்ணப்பம் சங்கத்துக்கு இதுவரைக்கும் வரேல்லையாம். என்ன எழுத்து! நடுவர்மார் எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

அண்ணை பக்கத்து யன்னலில் நின்று ஒரு ஆச்சிக்கு மெற்போமின் எண்ணிக்கொண்டிருந்தார். கைபேசியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணை, எனக்காம்."

அவருடைய கை நின்றது. எண்ணியதை மறந்திருக்க வேண்டும், குளிசைகளைத் திரும்பத் தட்டில் கொட்டி முதலில் இருந்து எண்ணினார். பிறகு, "நல்லது தங்கச்சி" என்றார். ஆச்சிக்கு எப்படிக் குடிக்க வேண்டும் என்று தேவைக்கு அதிகமாகவே விளக்கினார். அதற்குப் பிறகு அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை.

என் நிலையைப் பாருங்கள். ஒருவருக்குத் துணையாக நின்று ஒழுங்காகத் தோற்பது என்ற மிகச் சுலபமான வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது. அதைக்கூட என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை.

விருது விழா பட்டினத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிரதம விருந்தினர் வரும்வரை விழா தொடங்கவில்லை, அவர் வந்த பிறகும் தொடங்கவில்லை. மின்விசிறிக் காற்றில் மங்கல விளக்கு நின்று எரிய மறுத்தது. விசிறியை நிறுத்தியதும் விளக்கு எரிந்தது, நாங்கள் அவிந்தோம். வரவேற்புரைக்குப் பின் மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பிரதம விருந்தினர் மருந்தாளர்களின் மகத்துவத்தைப் பற்றிப் பேச எழுந்து, தனக்குப் பித்தப்பை எடுத்த கதையைச் சொல்லி, அந்தச் சத்திரசிகிச்சையை வெற்றிகரமாகச் செய்த மருந்தாளர்களுக்கு நன்றி சொன்னார். மண்டபத்தில் இருந்த மருந்தாளர்கள் எல்லோரும் கைதட்டினோம். எங்களுக்கும் வேறு யார் நன்றி சொல்லப் போகிறார்கள்?

பிறகு என் தகைமையுரையை வாசித்தார்கள். அது அண்ணை எழுதிய விண்ணப்பமேதான், ஒரு எழுத்து மாறவில்லை. மரபுடைப்பு என்ற இடம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் அது யார் என்று பார்க்கத் தலையைத் திருப்பினார். அண்ணை இரண்டாவது வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். தன் வசனங்கள் ஒலிபெருக்கியில் வரும்போது அவருடைய உதடுகள் கூடவே அசைந்ததை மேடையில் இருந்து பார்த்தேன்.

கேடயத்தைத் தந்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. தெரிந்த உண்மையைச் சொன்னேன்.

"இப்ப வாசிச்ச எல்லாம் நான் எழுதினதில்லை. என்னோடை வேலை செய்யிற அண்ணைதான் எழுதினவர். அவர் எழுதியிராட்டி இது எனக்குக் கிடைச்சிராது. இந்த விருது அவருக்குத்தான் போகவேணும்."

மண்டபம் அதிரக் கைதட்டியது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, "பாருங்கள்! இந்தப் பணிவுக்குத்தான் இந்த விருது!" என்றார். அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதுகில் தட்டி, எவ்வளவு நல்ல பிள்ளை என்று தலையாட்டினார். நான் சொன்னதை அந்த மண்டபத்தில் இரண்டே பேர்தான் நம்பினார்கள். ஒருவர் நான், மற்றவர் அண்ணை. அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. அதில் பிரதம விருந்தினர் முழுதாக விழுந்திருந்தார். அவருக்குப் பின்னால் என் காது ஒன்றும் கேடயத்தின் ஒரு மூலையும் தெரிந்தன. காது என்னுடையதுதான், தோட்டை வைத்து அடையாளம் கண்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. மருத்துவப் பொறுப்பதிகாரி கேடயத்தை எல்லோரும் பார்க்கும்படி என் யன்னலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அடுத்த கிளினிக் நாளில் வந்தவர்கள் எல்லோரும் என் யன்னலுக்கு முன்னால் நின்றார்கள். அண்ணையின் யன்னலில் ஒரு பூனைகூட இல்லை. அங்கே போங்கள் என்று நான் கைகாட்டினால் காதில் விழாதவர்கள்போல நின்றார்கள். அப்படியும் வெயில் தாங்காமல் அண்ணையிடம் மருந்து வாங்கிய ஒரு பெண், வாங்கிய கையோடு என் யன்னலுக்கு வந்து உறைகளை உள்ளே நீட்டினார்.

"மிஸ், இது அந்த ஐயா தந்தது. நீங்கள் ஒருக்காத் தொட்டுத் தாங்கோ."

"எல்லாம் ஒரே பெட்டிக் குளிசைதானம்மா."

"அது தெரியும். விருதெடுத்த கையெல்லோ, சுகம் கெதியா வரும். சும்மா ஒருக்காத் தொடுங்கோ."

தொட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? தொழிலின் மேன்மையை அங்கீகரிக்கும் விருது என்னை விபூதி போடுகிற ஆளாக்கிவிட்டிருந்தது. அதுவும் ஒரு மெதடிஸ்தியை. அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த நாட்களில் அவர் என்னோடு நேரே கதைப்பதில்லை. ஏதும் தேவையென்றால் அலுமாரியைப் பார்த்து, "அந்த இன்சுலின் வந்திட்டுதோ தெரியேல்லை" என்பார். நானும் அலுமாரியைப் பார்த்தே பதில் சொல்லுவேன். அலுமாரி எங்கள் இருவரையும் பொறுத்துக்கொண்டது.

வரிசை முடியப் பின்னேரமாகிவிட்ட ஒரு நாள், நான் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறக்காமல் கதிரையில் சாய்ந்தேன். அண்ணை தன் தேத்தண்ணிப் போத்தலில் இருந்து ஒரு கோப்பை ஊற்றி என் மேசையில் வைத்தார்.

"உங்களுக்குக் கோவமில்லையோ அண்ணை எண்டு கேக்கமாட்டீரோ?" என்றார். அலுமாரியைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"கேட்டால் சொல்லுவியளோ?"

"கோவம்தான். உம்மோடை இல்லை." போத்தலை மூடினார். "தங்கச்சி, மருந்து குடுக்கிற ஆளின்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கிறேல்லை. குளிசையைத்தான் பாக்கினம். றோட்டிலை கண்டால் என்னை ஒருத்தருக்கும் தெரியாது. போன மாசம் சந்தையிலை, இஞ்ச வருஷக்கணக்கா வாற ஒராள், 'தம்பி, கொஞ்சம் விலகும்' எண்டுபோட்டுப் போறார். அதுதான் இந்தப் பலகை, பொன்னாடை எல்லாம். விசர்தான், எனக்குத் தெரியும்."

இவ்வளவு காலமும் அவருடைய பலகையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. ஆனால் எனக்கு ஆறுதல் சொல்லவும் வராது. எழுந்துபோய் என் யன்னலில் இருந்த கேடயத்தைத் தூக்கி அவருடைய யன்னலில் வைத்தேன்.

"என்ன செய்யிறீர்? உதிலை உம்மடை பேரெல்லோ இருக்கு."

"வெளியிலை நிக்கிற ஆக்களுக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரியாது அண்ணை. மினுங்கிறது மட்டும்தான் தெரியும்."

மருந்தியலில் நான் செய்த உண்மையான புத்தாக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த கிளினிக் நாளில் வந்தவர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள், பிறகு பாதிப் பேர் கேடயத்தோடு போனார்கள், பாதிப் பேர் என்னோடு நின்றார்கள். அண்ணை குளிசை கொடுத்தபடியே, "எங்களுக்குக் கிடைச்சது" என்று விளக்கம் சொல்வது கேட்டது. "எங்களுக்கு" என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்று நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

பிறகு மாரி தொடங்கியது. கடல் கொந்தளித்து, படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. ஒரு நாள் மயிலிட்டியில் இருந்து ஒருவரை மகள் ஓட்டோவில் கூட்டிவந்தாள். தலையிடி, கண் மங்கல், பிறஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வைத்தியர் உடனே மருந்து கொடுத்துக் கட்டிலில் கிடத்திவிட்டு, இவர் ஏன் குளிசை குடிக்கவில்லை என்று விசாரிக்கச் சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார். நானும் அண்ணையும் போனோம்.

"ஏன் ஐயா குளிசையை விட்டனீங்கள்?"

அவர் கோபமாகப் பார்த்தார். "நான் எங்கை விட்டனான்? நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள், கடலுக்குப் போக முன் எண்டு. காத்துத் தொடங்கினதிலை இருந்து நான் கடலுக்குப் போகேல்லை. பேந்து எதுக்குக் குடிக்கிறது?"

சமூக மாற்றம், மரபுடைப்பு, மொழிப் புத்தாக்கம் எல்லாம் அந்தக் கட்டிலில் படுத்துக் கண் மங்கிக் கிடந்தன. என் பெயருக்குப் பின்னால் சாகும்வரை நிற்கப்போகும் எழுத்துகளில் ஒன்றுக்குக்கூடக் கடலில் காற்று வீசும் என்று தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணை ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருக்கலாம். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அவர் அந்த மனிதரின் கட்டிலில் உட்கார்ந்தார். "கடலுக்குப் போகாட்டி எத்தினை மணிக்கு ஐயா படுப்பியள்?" என்று கேட்டார். சாப்பாடு எப்போது, எழும்புவது எப்போது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு மருந்தகத்துக்கு வந்து, ஒரு கட்டு உறைகளை எடுத்து, பாதியை என் பக்கம் தள்ளினார். அச்சில் இருந்ததை வெட்டாமல், அதற்குக் கீழே தன் அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார்: தொழில் உள்ள நாளில் கடலுக்குப் போக முன், தொழில் இல்லாத நாளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்.

"இடம் காணாது அண்ணை" என்றேன்.

"பின்பக்கம் இருக்குத்தானே" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க, கிடைத்த நேரமெல்லாம் இருவரும் உறைகளில் எழுதிக்கொண்டிருந்தோம். கையில் விலாசம் இருந்தவர்களுக்குச் வீடு வீடாகப் போகும் சுகாதார மருத்துவமாது மூலம் சொல்லி அனுப்பினோம். இன்னும் இரண்டு பேர் அதே காரணத்தால் குளிசையை நிறுத்தியிருந்தது தெரியவந்தது, நல்லவேளையாக அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஓட்டோவில் வந்தவர் சுகமாகி வீட்டுக்குப் போகும்போது மருந்தக யன்னலுக்கு வந்தார். அண்ணை கொடுத்த உறையை முன்னும் பின்னும் திருப்பி வாசித்தார்.

"கடலுக்குப் போய், மீன் இல்லாமல் இடையிலை திரும்பி வந்தால்?" என்று கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கதிரையை அவருடைய யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்கோ ஐயா, அப்ப எத்தினை மணிக்கு வருவியள்?" என்றேன்.